அகச்சிவப்பு இணைப்பு கிடைக்காதபோது: லினக்ஸ் மடிக்கணினியும் பழைய செல்பேசியும்

2000களின் தொடக்கத்தில் விற்ற செல்பேசிகள் பலவற்றில் ப்ளூடூத் கிடையாது. கணினியோடு சேர்க்கும் கம்பியைத் தனியாக வாங்க வேண்டும். இன்று அது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் செல்பேசியின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு சிறு ஜன்னல் இருக்கும். அதுதான் அகச்சிவப்புக் கண். அந்தச் செல்பேசியின் நினைவகத்தில் தங்கிவிட்ட பெயர்களும் எண்களும் குறுஞ்செய்திகளும் வெளியே வர, பல நேரங்களில் அது ஒன்றே வழி. அந்த வழியைத் திறப்பது எப்படி, திறக்காவிட்டால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

எடுத்துக்காட்டாக ஐபிஎம் திங்க்பேட் டி42 மடிக்கணினியையும் நோக்கியா 6610 செல்பேசியையும் வைத்துக்கொள்வோம். மடிக்கணினி 2004ஆம் ஆண்டினது, செல்பேசி 2002ஆம் ஆண்டினது. உங்கள் கருவிகள் வேறாக இருந்தாலும் சோதிக்கும் வரிசை இதுவே.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே அவற்றைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். 'டிடிஒய்எஸ்' என்பதன் கடைசி எழுத்து, 'ஏடி' என்று தொடங்கும் மோடம் கட்டளைகள், நினைவகத்தைக் குறிக்கும் 'எம்இ', 'எஸ்எம்' ஆகியவை மட்டும் பெரிய எழுத்து. கட்டளைகள் எல்லாவற்றுக்கும் ரூட் அதிகாரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். 'சூடோ -எஸ்' கொடுத்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

முதலில் வரிசை, பிறகு கட்டளை

குழாயில் தண்ணீர் வராவிட்டால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வால்வாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். அகச்சிவப்பு இணைப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கெர்னல், பயாஸ், டிரைவர், ஒளி, கண்டுபிடிப்பு, இணைப்பு, கடைசியில் நிரல். ஒரு நிலை சரி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் அடுத்த நிலையைத் தொடக்கூடாது. நிரலின் அமைப்புக் கோப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பலர் ஒரு மாலைப்பொழுதையே இழக்கிறார்கள். பழுதோ பயாஸில் அணைந்து கிடக்கும் ஒரு தெரிவில் இருக்கும்.

அகச்சிவப்புத் தரவு இணைப்புக்கான விதிகளை வகுத்தது 1993இல் அமைந்த ஐஆர்டிஏ என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு. அது வகுத்த வேகங்களில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று எஸ்ஐஆர், நொடிக்கு 9,600 பிட் முதல் 1,15,200 பிட் வரை. மற்றொன்று எஃப்ஐஆர், நொடிக்கு 40 லட்சம் பிட். மடிக்கணினிகள் பலவற்றால் இரண்டும் முடியும். செல்பேசிகளில் பெரும்பாலானவை எஸ்ஐஆரோடு நின்றுவிடும். ஆகவே செல்பேசிக்காக எஃப்ஐஆர் டிரைவரோடு போராட வேண்டிய தேவை பொதுவாக இல்லை. முதல் முயற்சியை எஸ்ஐஆரில் செய்யுங்கள்.

டிவி ரிமோட்டும் அகச்சிவப்புதான் என்றாலும் அதன் முறை வேறு. ரிமோட்டுக்கான லிர்க் என்ற நிரல்தொகுதி செல்பேசி இணைப்புக்கு உதவாது. அது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரே போர்ட்டை இரண்டும் கேட்கும்.

நிலை 1: கெர்னல்

அகச்சிவப்பு இணைப்புக்கான ஆதரவை லினக்ஸுக்குக் கொண்டுவர நார்வேயின் டிராம்ஸோ பல்கலைக்கழகத்தில் டாக் பிராட்லி தொடங்கிய பணி, கெர்னல் 2.2 காலத்தில் லினக்ஸின் அங்கமானது. பின்னர் எச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் டூரில் அதைப் பல ஆண்டுகள் பராமரித்தார். பயன்படுத்துவோர் குறைந்துபோக, 2018இல் வெளியான 4.17 பதிப்பில் அந்தப் பகுதி முழுவதும் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே முதல் சோதனை இதுதான்:

யூநேம் -ஆர்

4.17 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வந்தால் மற்ற எதையும் முயல வேண்டாம். பழைய பதிப்பு ஒன்று தேவை. டெபியன் 9 இதற்குப் பொருத்தமானது. அதன் கெர்னல் 4.9. டி42 போன்ற பென்டியம் எம் கணினிக்கு 32 பிட் பதிப்பை எடுங்கள். டெபியனின் பழைய பொதிகள் அதன் ஆவணக் காப்பகச் சர்வரில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் டெபியன் 9க்கான நீண்டகால ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அதைத் தனி வன்தட்டில் நிறுவுங்கள். பொதிகளை இறக்கியதும் இணையத்தைத் துண்டியுங்கள். செல்பேசி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவ வேண்டிய பொதிகள்: ஐஆர்டிஏ-யூடில்ஸ், செட்சீரியல், க்னோக்கி, கம்மு, ஓபெக்ஸ்எஃப்டிபி, மினிகாம்.

நிலை 2: பயாஸும் போர்ட்டும்

கணினியை மறுபடி தொடங்கி பயாஸுக்குள் செல்லுங்கள். அகச்சிவப்புப் போர்ட் அணைந்த நிலையில் இருப்பது மிகச் சாதாரணம். அதை இயக்குங்கள். முகவரி 2எஃப்8, ஐஆர்க்யூ 3 என்று இருந்தால் லினக்ஸில் அது பொதுவாக இரண்டாவது சீரியல் போர்ட்டாக, அதாவது /டெவ்/டிடிஒய்எஸ்1 ஆக வரும். வேறு முகவரி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸுக்குத் திரும்பியதும்:

செட்சீரியல் -ஜி /டெவ்/டிடிஒய்எஸ்1

விடையில் '16550ஏ' என்று வந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது. 'அன்நோன்' என்று வந்தால் கெர்னலுக்கு அந்த இடத்தில் எதுவும் தென்படவில்லை. அப்போது டிடிஒய்எஸ்0, 2, 3 ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள். எதிலும் இல்லை என்றால் பயாஸுக்கே திரும்ப வேண்டும்.

மடிக்கணினியில் அகச்சிவப்பே இல்லாதவர்கள் யூஎஸ்பி டாங்கிள் பயன்படுத்தலாம். ஐஆர்டிஏ-யூஎஸ்பி டிரைவர் விதிப்படி அமைந்த டாங்கிள்களுக்கு உரியது. அந்த விதியைப் பின்பற்றாத சிக்மாடெல் சிப் உள்ளவற்றுக்கு எஸ்டிஐஆர்4200, மாஸ்சிப் உள்ளவற்றுக்கு எம்சிஎஸ்7780. எது என்று 'எல்எஸ்யூஎஸ்பி' காட்டிவிடும்.

நிலை 3: டிரைவர்

எஸ்ஐஆர் முறைக்கு இரண்டே வரி:

மாட்புரோப் ஐஆர்டிடிஒய்-எஸ்ஐஆர்
ஐஆர்அட்டாச் /டெவ்/டிடிஒய்எஸ்1 -எஸ்

இரண்டாவது வரியின் கடைசியில் உள்ள '-எஸ்' முக்கியம். அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடும்படி கணினிக்குச் சொல்வது அதுதான். அதை விட்டுவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் செல்பேசி கண்ணில் படாது.

ஐஆர்அட்டாச் பின்னணிக்குப் போய்விடும். வெற்றியா தோல்வியா என்று திரையில் சொல்லாது. ஆகவே 'டிமெஸ்ஜி' கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஐஆர்டிஏ0 என்ற சாதனம் பதிவானதாகச் செய்தி இருக்க வேண்டும். 'இஃப்கான்ஃபிக் ஐஆர்டிஏ0' கொடுத்தால் 'அப்', 'ரன்னிங்' என்ற சொற்கள் தெரிய வேண்டும்.

இந்த நிலையில் தடுக்கும் காரணங்கள் மூன்று. கணினி தொடங்கும்போதே ஐஆர்டிஏ-யூடில்ஸ் தானாக ஒரு ஐஆர்அட்டாச்சை ஓட்டியிருக்கலாம். 'பிஎஸ்' பட்டியலில் தேடி, பழையதை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வேறொரு நிரல் போர்ட்டைப் பிடித்திருக்கலாம். 'ஃப்யூசர் /டெவ்/டிடிஒய்எஸ்1' அதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, அந்தச் சிப் சாதாரண சீரியல் போர்ட்டாக நடிக்க மறுக்கும் வகையாக இருக்கலாம். அப்போதுதான் எஃப்ஐஆர் டிரைவர் தேவை.

எஃப்ஐஆரில் ஒரு விதியை மறக்கக்கூடாது. சீரியல் டிரைவர் பிடித்திருக்கும் போர்ட்டை எஃப்ஐஆர் டிரைவரால் எடுக்க முடியாது. முதலில் விடுவிக்க வேண்டும்:

செட்சீரியல் /டெவ்/டிடிஒய்எஸ்1 யுவார்ட் நன்

பிறகு சிப்புக்கு உரிய டிரைவர். திங்க்பேட் டி வரிசையில் நேஷனல் செமிகண்டக்டர் சிப், அதற்கு என்எஸ்சி-ஐஆர்சிசி. எஸ்எம்எஸ்சி சிப்புக்கு எஸ்எம்எஸ்சி-ஐஆர்சிசி2. திங்க்பேட்டில் டாங்கிள் அடையாளம் 0எக்ஸ்09 என்பதையும் கூடவே தர வேண்டும்:

மாட்புரோப் என்எஸ்சி-ஐஆர்சிசி டாங்கிள்_ஐடி=0எக்ஸ்09
ஐஆர்அட்டாச் ஐஆர்டிஏ0 -எஸ்

எஸ்ஐஆரில் ஐஆர்அட்டாச்சுக்கு சீரியல் போர்ட்டின் பெயரைக் கொடுத்தோம்; எஃப்ஐஆரில் ஐஆர்டிஏ0 என்ற பெயரைக் கொடுக்கிறோம். இவ்விரண்டையும் மாற்றிக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

நிலை 4: ஒளி

அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சாதாரண டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றுக்குத் தெரியும். கேமராவை மடிக்கணினியின் கருஞ்சிவப்பு ஜன்னலுக்கு எதிரே பிடித்துத் திரையைப் பாருங்கள். தேடல் இயங்கினால் சுமார் 3 விநாடிக்கு ஒருமுறை ஊதா அல்லது வெண்மை நிறத்தில் ஒளி துடிக்கும். துடிப்பு தெரிந்தால் கெர்னலிலிருந்து எல்ஈடி வரை பாதை சரி. தெரியவில்லை என்றால் முதலில் அந்தக் கேமராவை ஒரு டிவி ரிமோட்டில் சோதியுங்கள். சில கேமராக்கள் அகச்சிவப்பை வடிகட்டிவிடும். ரிமோட் தெரிந்து மடிக்கணினி மட்டும் தெரியாவிட்டால் நிலை 3க்குத் திரும்புங்கள்.

இனி இடமும் தூரமும். ஐஆர்டிஏ விதிப்படி முழுத்திறன் கொண்ட இரு கருவிகளுக்கு இடையே 1 மீட்டர் வரை இணைப்பு நிற்க வேண்டும். செல்பேசிகள் மின்கலத்தைச் சேமிக்கக் குறைந்த திறனில் ஒளி வீசுவதுண்டு. அப்போது முழுத்திறன் கருவியோடு 30 செ.மீ. வரைதான் உறுதி. இரு ஜன்னல்களையும் நேருக்கு நேராக, 10 முதல் 20 செ.மீ. இடைவெளியில், ஒரே உயரத்தில் வையுங்கள். ஒளி வீசும் கோணம் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 15 பாகை அளவுதான். செல்பேசி மேசைமேல் படுத்திருக்க, மடிக்கணினியின் ஜன்னல் மேலே இருந்தால் ஒளி தாண்டிப் போய்விடும். செல்பேசிக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்து உயர்த்துங்கள். கையில் பிடிக்காதீர்கள், வேலை நடுவில் அறுந்துபோவதற்குக் கை அசைவே பெரும்பாலும் காரணம்.

நேரடி வெயில் ஜன்னலில் படக்கூடாது. சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய உண்டு. மின்னணு சோக் பொருத்திய குழல்விளக்கும் சில நேரம் இடையூறு செய்யும். விளக்கை அணைத்து ஒருமுறை முயன்று பாருங்கள்.

நிலை 5: கண்டுபிடிப்பு

செல்பேசியின் மெனுவில் அகச்சிவப்பை இயக்குங்கள். நோக்கியாவில் இயக்கிய 2 நிமிடத்துக்குள் இணைப்பு தொடங்காவிட்டால் அது தானாக அணைந்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு, கடைசியாகச் செல்பேசியை இயக்குங்கள். சிம் இல்லாமல் மெனு திறக்காத மாடல்களும் உண்டு. அப்படியானால் ஏதாவது ஒரு சிம்மைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரையில் வரும் குறியையும் படிக்கத் தெரிய வேண்டும். குறி நிலையாக நின்றால் செல்பேசி தயார். கண் சிமிட்டினால் இணைய முயல்கிறது, அல்லது இருந்த இணைப்பு அறுந்துவிட்டது.

இப்போது மடிக்கணினியில்:

கேட் /ப்ராக்/நெட்/ஐஆர்டிஏ/டிஸ்கவரி

செல்பேசியின் பெயர் இங்கே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் இந்த அத்தியாயத்திலேயே மிகப் பயனுள்ள கருவியை எடுங்கள்:

ஐஆர்டிஏடம்ப்

காற்றில் போகும், வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் இது ஒரு வரியாகக் காட்டும். தேடும்போது மடிக்கணினி '0' முதல் '5' வரை ஆறு முறை அழைக்கிறது. ஏழாவதாக நட்சத்திரக் குறியோடு தன் பெயரைச் சொல்கிறது. இவை 'எக்ஸ்ஐடி:சிஎம்டி' என்ற வரிகள். அந்த ஆறில் ஏதாவது ஓர் இடைவெளியைத் தானே தேர்ந்து செல்பேசி பதில் சொல்லும். அது 'எக்ஸ்ஐடி:ஆர்எஸ்பி' என்று வரும். அதிலேயே செல்பேசியின் பெயரும், ஐஆர்காம், ஐஆர்ஓபெக்ஸ் என்று அதற்குத் தெரிந்த சேவைகளும் இருக்கும்.

வரியே வரவில்லை என்றால் தேடல் நடக்கவில்லை: '-எஸ்' விடுபட்டிருக்கிறது அல்லது சாதனம் இயங்கவில்லை. அழைப்பு வரிகள் மட்டும் வந்து பதில் இல்லை என்றால் குறை செல்பேசியில், இடத்தில், அல்லது மடிக்கணினியின் ஏற்பியில். வேறொரு செல்பேசியை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தேடல் எப்போதும் 9,600 என்ற மிகக் குறைந்த வேகத்திலேயே நடக்கும். ஆகவே இங்கே பதில் வராததற்கு வேகம் காரணமல்ல.

நிலை 6: கண்டுபிடித்தது, ஆனால் இணைப்பு நிற்கவில்லை

செல்பேசியின் பெயர் தெரிகிறது. நிரலைத் தொடங்கியதும் அறுந்துபோகிறது. வேகம் காரணமாக இருப்பது இங்கேதான். இணைப்பு கேட்கும்போது மடிக்கணினி 'எஸ்என்ஆர்எம்' அனுப்பும். செல்பேசி 'யூஏ' என்று ஒப்புக்கொள்ளும். அதன்பின் இரண்டும் பேசி முடிவுசெய்த உயர்ந்த வேகத்துக்கு மாறும். ஐஆர்டிஏடம்ப்பில் 'யூஏ' வந்த பிறகு அமைதி என்றால், மாறிய வேகத்தில் ஒன்றுக்கொன்று கேட்கவில்லை என்று பொருள். வேகத்துக்கு வரம்பு போடுங்கள்:

எக்கோ 115200 > /ப்ராக்/சிஸ்/நெட்/ஐஆர்டிஏ/மேக்ஸ்_பாட்_ரேட்

நிற்கவில்லை என்றால் 57600, 38400, 19200, கடைசியாக 9600 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். 9600இல் சில நூறு பெயர்களை எடுப்பது மெதுவாக நடக்கும். ஆனால் நடக்கும், அதுதான் நமக்கு வேண்டும். ரூட்டாக மாறாமல் 'சூடோ எக்கோ' என்று இந்த வரியை எழுதினால் அனுமதி இல்லை என்று வரும். கோப்பில் எழுதும் பகுதிக்கு சூடோவின் அதிகாரம் போய்ச் சேராததே காரணம்.

9600இல் நின்று அதற்கு மேல் நிற்காத கருவிகளுக்கு இன்னொரு மருந்து உண்டு. அகச்சிவப்பில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவரின் கண் தெளியச் சிறிது நேரம் வேண்டும். மடிக்கணினி அவசரப்பட்டுப் பேசத் தொடங்கினால் செல்பேசி முதல் பிட்டுகளைத் தவறவிடும். அதே அடைவில் உள்ள மின்_டிஎக்ஸ்_டர்ன்_டைம் கோப்பில் 1000 என்று எழுதிப் பாருங்கள்; அது மைக்ரோவிநாடிக் கணக்கு.

நிலை 7: நிரல்

இங்கே வந்துவிட்டால் ஒளியும் டிரைவரும் சரி. இனி செல்பேசி எந்த மொழியில் பேசும் என்பதே கேள்வி.

நோக்கியாவுக்கு க்னோக்கி பொருத்தம். அமைப்புக் கோப்பில், 'குளோபல்' பகுதியில், 6610க்கு இரண்டு வரி:

மாடல் = 6510
கனெக்‌ஷன் = ஐஆர்டிஏ

6510 என்று எழுதுவதற்குக் காரணம், 6610 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'க்னோக்கி --ஐடென்டிஃபை' கொடுத்து மாடல் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்:

க்னோக்கி --கெட்ஃபோன்புக் எம்இ 1 எண்ட் --விகார்ட் > பெயர்கள்.விசிஎஃப்

'எம்இ' செல்பேசியின் நினைவகம்; 'எஸ்எம்' சிம். இரண்டையும் தனித்தனியே எடுங்கள்.

கம்மு பயன்படுத்தினால் 'கனெக்‌ஷன்' வரியில் நோக்கியாவுக்கு ஐஆர்டிஏஃபோநெட், மோடம் கட்டளை பேசும் செல்பேசிகளுக்கு ஐஆர்டிஏஏடி, கோப்புப் பரிமாற்றத்துக்கு ஐஆர்டிஏஓபெக்ஸ். உங்கள் கம்மு பதிப்பில் அகச்சிவப்பு சேர்ந்திருக்கிறதா என்பதை 'கம்மு --ஃபீச்சர்ஸ்' காட்டும்.

சோனி எரிக்சன், சீமென்ஸ் போன்றவற்றுக்கு ஐஆர்காம் வழி:

மாட்புரோப் ஐஆர்காம்-டிடிஒய்

/டெவ்/ஐஆர்காம்0 என்ற கோப்பு இல்லாவிட்டால் 'எம்கேநாட் /டெவ்/ஐஆர்காம்0 சி 161 0' என்று உருவாக்குங்கள். மினிகாமில் அந்தப் போர்ட்டைத் திறந்து 'ஏடி' தட்டினால் 'ஓகே' வர வேண்டும். 'ஏடி+சிஜிஎம்எம்' தட்டினால் மாடல் பெயர் வரும். ரூட்டாக வேலை செய்து சாதாரணப் பயனராகச் செய்யாவிட்டால், அந்தப் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேருங்கள்.

எந்த நிரலும் ஒத்துவராவிட்டாலும் ஒரு வழி மிச்சம் உண்டு. மடிக்கணினியில் 'ஐஆர்சிபி -ஆர்' கொடுத்துக் காத்திருக்கச் செய்யுங்கள். செல்பேசியில் ஒரு பெயரைத் திறந்து, அகச்சிவப்பு வழியாக விசிட்டிங் கார்டாக அனுப்புங்கள். ஒவ்வொன்றாகத்தான் வரும். ஆனால் செல்பேசியின் மாடலைப் பற்றிக் கணினிக்கு எதுவுமே தெரிய வேண்டியதில்லை. முக்கியமான சில எண்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதுவே மிக எளிய வழி.

சுருக்கமாக

போர்ட் 'அன்நோன்': பயாஸ்.
ஐஆர்டிஏ0 பதிவாகவில்லை: போர்ட்டை வேறு நிரல் பிடித்திருக்கிறது, அல்லது எஃப்ஐஆர் டிரைவர் தேவை.
அழைப்பு உண்டு, பதில் இல்லை: செல்பேசியின் அகச்சிவப்பு அணைந்திருக்கிறது, அல்லது தூரம், கோணம், வெயில்.
பெயர் தெரிகிறது, இணைப்பு அறுகிறது: வேக வரம்பு.
இணைப்பு நிற்கிறது, நிரல் மறுக்கிறது: மாடல், கனெக்‌ஷன் வரிகள்.

எடுத்ததும் செய்ய வேண்டியது

விகார்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. எந்தத் தொகுப்பியிலும் திறக்கும். திறந்து, செல்பேசியில் உள்ள எண்ணிக்கையும் கோப்பில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். அதுவரை செல்பேசியில் எதையும் அழிக்காதீர்கள்.

பழைய செல்பேசியின் மின்கலம் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கிறது. இந்த இணைப்புக்கு ஆதரவு தரும் கெர்னலும், அதை ஓட்டும் மடிக்கணினியும் குறைந்துகொண்டே போகின்றன. வீட்டில் அப்படியொரு செல்பேசி இருந்தால், அதில் உங்களுக்கு வேண்டியவர்களின் ஒரு குறுஞ்செய்தியாவது இருந்தால், தள்ளிப்போடாமல் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.